திருப்புளி பதில்கள்: முப்பது உயிர் எங்கே போயிற்று?

சென்ற மாதம் ஒருவருடைய பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதும்போது, "பினாங்கின் கொம்தார் வணிக வளாகத்தில் சீட் கோட் விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவன் நான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சீட் கோட் என்றால், ஆட்டத்தில் கூடுதல் உயிரோ ஆயுதமோ பணமோ கிடைக்கப் போடும் இரகசியக் குறி. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். சலவை இயந்திரத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று எழுதிய மூன்று பேரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அடுத்த மாதம். அதுவரை தண்ணீர்க் குழாயைத் திருகி மூடி வையுங்கள்.

பிறை வாசகர், வயது 43: சிறு வயதில் 'கொன்ட்ரா' ஆட்டத்தில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்கும். என் மகனிடம் சொன்னால், அப்பா கதை விடுகிறார் என்று சிரிக்கிறான். இதை வைத்தது யார், எதற்காக?

மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற நிரலாளர் இருந்தார். கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த 'கிரேடியஸ்' என்ற விண்கல ஆட்டத்தை, 1986இல் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டிக்குக் கொண்டுவரும் வேலை அவருடையது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கடைசிவரை ஆடியாக வேண்டும். அவருக்கோ ஆட்டம் வசப்படவில்லை. தான் செய்த ஆட்டத்திடம் தானே நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடிவது? கைக்கு எளிதாக வருகிற, மறக்க முடியாத ஒரு விசை வரிசையை உள்ளே வைத்தார். அதை அழுத்தினால் ஆயுதங்கள் மொத்தமாக வந்து சேரும். அந்த வரிசை ஆட்டத்தோடு சேர்ந்து கடைக்கும் போய்விட்டது. 1988இல் அமெரிக்காவில் வீட்டுப் பெட்டிக்கு வந்த கொன்ட்ராவில் அதே வரிசைக்கு முப்பது உயிர் என்று வைத்தார்கள். ஹஷிமோட்டோ 2020இல் காலமானார்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன். அதனால் இந்தக் கதையைக் கேட்டால் எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் பாசமும் வரும். வெளியே போகும் எந்தப் பொருளிலும் சோதிப்பவனுக்கென்று ஒரு பின்வாசல் இருக்கும். சீட் கோட் என்பது பெரும்பாலும் அந்தப் பின்வாசல் சாவிதான். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுத்தால் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றைப் பிடுங்கும்போது பக்கத்தில் இன்னொன்று கழன்றுவிடும். அந்தக் காலத்தில் ஆட்டத்தைக் கட்டியான ஒரு பெட்டிக்குள் எழுதி அடைத்து விற்றார்கள். விற்ற பிறகு திருத்தம் அனுப்ப வழி கிடையாது. ஓடுகிறதைத் தொடாதே என்பது எங்கள் பிரிவில் எழுதாத சட்டம்.

ஆயர் ஈத்தாம் தாயார்: என் பத்து வயது மகன் மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் ஏதோ 'சீட்' என்று இருப்பதைத் திறந்துவைத்து ஆடுகிறான். அது அழுகுணி ஆட்டம் என்று அவன் மாமா மகன் கேலி செய்கிறான். இப்போதே ஏமாற்றப் பழகிவிடுவானோ?

யாரை ஏமாற்றுகிறான் அம்மா? தனியாக உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுகிறவன் ஒரு காயைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் யாருக்கு நட்டம்? அந்த ஆட்டத்தைச் செய்தவர்களே அந்த வசதியை அமைப்பில் வைத்திருக்கிறார்கள். கைபேசிகளில் ஓடும் பதிப்பில் அதைத் திறந்தால் அந்த உலகத்தில் சாதனைப் பதக்கங்கள் கிடைக்காது, அவ்வளவுதான். மாமா மகனோடு சேர்ந்து ஆடும்போது அவனுக்குச் சொல்லாமல் திறந்தால் காதைத் திருகுங்கள். இல்லையென்றால், கட்டளைகளை எப்படி எழுதுகிறான் என்று பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகர், கல்லூரி மாணவர்: கேம் ஷார்க் என்ற கருவியில்தான் கணினியைக் கற்றுக்கொண்டதாக முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். அது எப்படி வேலை செய்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி. ஆசிரியர் பக்கத்தைக் குறைக்கச் சொன்னால் மற்ற பதில்களைக் குறைத்துக்கொள்வேன்.

1998. நான் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம். பள்ளி விடுமுறையில் கொம்தாரின் மேல்மாடி ஒன்றில் ஒரு விளையாட்டுக் கடையில் நின்றேன். கடை என்றால், இரண்டு பேர் எதிரெதிரே நின்றுவிட்டால் மூன்றாமவர் நுழைய முடியாது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு ஹொக்கியன் சீனப் பெரியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவார். அங்கேதான் சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டியின் முதுகில் சொருகும் அந்தக் கருவியைப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்கம் ஒரு சிறிய மூடி இருக்கும், கழற்றினால் உள்ளே ஒரு இணைப்பு வாய். கருவியை அதில் சொருகிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினால், எந்த ஆட்டத்துக்கு எந்தக் குறி வேண்டும் என்று கேட்கும். பிரிட்டனில் இருந்த டேட்டல் நிறுவனம் 'ஆக்‌ஷன் ரீப்ளே' என்ற பெயரில் செய்ததுதான் அமெரிக்காவில் கேம் ஷார்க் ஆயிற்று. எங்கள் கடையில் இருந்தது அதன் நகல், பெயரே இல்லாதது.

நான் வளர்ந்தது ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி. கீழ்த்தளத்தில் வரிசை வரிசையாக அஞ்சல் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண். பிளேஸ்டேஷனின் நினைவகத்தையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெகாபைட், அதாவது இருபது இலட்சத்துக்குச் சற்று அதிகமான பெட்டிகள். உங்களுக்கு எத்தனை உயிர் மிச்சம் என்பது ஒரு பெட்டியில் ஒரு தாளில் எழுதிக் கிடக்கும். ஒரு முறை செத்தால் ஆட்டம் வந்து 3 என்பதை அடித்து 2 என்று எழுதிவிட்டுப் போகும். கருவி என்ன செய்யும் தெரியுமா? அந்தப் பெட்டிக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்திவைக்கும். ஆட்டம் 2 என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் அந்த ஆள் அதைக் கிழித்துப்போட்டு 9 என்று வைத்துவிடுவான். வினாடிக்குப் பல முறை, சலிக்காமல். ஆட்டத்தின் நிரலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை.

குறி இரண்டு துண்டாக இருக்கும். முதலில் எட்டு இலக்கம், பிறகு நான்கு. எட்டில் முதல் இரண்டு 80 என்றிருந்தால் 'எழுது' என்று பொருள், மிச்சம் ஆறு பெட்டியின் எண். அடுத்த நான்கு, எழுத வேண்டிய மதிப்பு. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆங்கில இதழ்களில் வந்த குறிகளைப் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, நகல் எடுத்து, தாளுக்கு 50 சென் என்று விற்றுக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கில் எழுதும்போது, எல்லாம் 80இல் தொடங்குகிறதே என்று ஒரு நாள் கண்ணில் பட்டது.

பிறகு நானே குறி தேட ஆரம்பித்தேன். கருவியில் அதற்கும் வசதி இருந்தது. கையில் 15 தோட்டா. 15 என்று எழுதியிருக்கும் பெட்டிகளை எல்லாம் தேடு என்றால் ஆயிரக்கணக்கில் வரும். ஒரு தோட்டாவைச் சுடு. முன்பு 15 ஆக இருந்து இப்போது 14 ஆனவை எவை? சில நூறு. இன்னொன்றைச் சுடு. நான்கைந்து முறையில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சும். அந்த ஒரு வரி திரையில் தனியாக நிற்கும்போது வந்த மகிழ்ச்சி, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவைப் பார்த்தபோதுகூட எனக்கு வரவில்லை. (முடிவும் அப்படித்தான் இருந்தது.)

முதல் முறை 99 தோட்டா வேண்டும் என்று 0099 என்று எழுதினேன். திரையில் எண் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி ஓடியது போல ஏதேதோ கோடுகள். எவ்வளவு சுட்டாலும் அந்தக் கோடுகள் அப்படியே நின்றன. அந்த இயந்திரம் பதினாறில் எண்ணுகிறது என்பதை அன்று எனக்குச் சொன்னவர், கடைக்கு வட்டு மாற்ற வந்த ஒரு பாலிடெக்னிக் மாணவர். ஒன்பதுக்கு அடுத்து பத்து வராது, ஏ வரும், பி வரும், எஃப் வரைக்கும் போகும் என்று ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். நான் கேட்டது 99 அல்ல, 153. எனக்கு வேண்டிய 99ஐ 0063 என்று எழுத வேண்டும். அந்த ரசீதை வெகுநாள் வைத்திருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்துத் தொழிற்சாலை நேர்காணலில், எஃப் எஃப் என்றால் எவ்வளவு என்று கேட்டார்கள். 255 என்று கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டேன். எங்கே படித்தீர்கள் என்றதற்குப் பள்ளியில் என்று பொய் சொன்னேன். இந்தக் கதையில் உண்மையான ஏமாற்று அது ஒன்றுதான்.

எல்லாம் இனிமையாகவே போகவில்லை. ஒரு முறை தவறான பெட்டியில் தவறான எண்ணை எழுதி, என் தம்பி நாற்பது மணி நேரம் ஆடிச் சேமித்துவைத்திருந்த ஆட்டத்தைத் திறக்கவே முடியாமல் செய்துவிட்டேன். இன்றைக்கும் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் அதை எடுத்து முறுக்கோடு சேர்த்துக் கடிக்கிறான்.

பாகான் டாலாம் வாசகர்: கேம் ஜீனி என்று ஒன்று இருந்ததே, அதுவும் இதுவும் ஒன்றா? இதெல்லாம் சட்டப்படி குற்றம் இல்லையா?

ஒன்றல்ல. நின்டெண்டோ ஆட்டங்கள் வந்த பெட்டிக்குள் எழுதியதை அழித்து எழுத முடியாது. அதனால் கேம் ஜீனி, ஆட்டப் பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மருத்துவமனையில் மருத்துவருக்கும் பாட்டிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் பேத்தியைப் போல. இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இயந்திரம் கேட்கும், உயிரில் ஒன்றைக் கழி என்று ஆட்டம் பதில் சொல்லும், நடுவில் இருப்பது அதை மாற்றி, ஒன்றும் கழிக்க வேண்டாமாம் என்று சொல்லிவிடும். சூப்பர் மாரியோவில் எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ என்ற ஆறு எழுத்தைப் போட்டால் உயிர் தீரவே தீராது.

பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கிய இந்தக் கருவியை அமெரிக்காவில் விற்க 1990இல் கலூப் என்ற பொம்மை நிறுவனம் இறங்கியது. நின்டெண்டோ வழக்குப் போட்டது. எங்கள் ஆட்டத்தை மாற்றி வேறொரு படைப்பு ஆக்குகிறார்கள் என்பது வாதம். வழக்கு நடந்த காலத்தில் விற்பனைக்குத் தடை. 1991இல் கீழ் நீதிமன்றமும் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கலூப் பக்கம் தீர்ப்புச் சொல்லின. காசு கொடுத்து வாங்கியவர் தன் வீட்டில் தன் மகிழ்ச்சிக்காக எப்படி ஆடினால் என்ன? தடையால் ஏற்பட்ட நட்டத்துக்கு நின்டெண்டோ ஒன்றரைக் கோடி டாலர் கட்டியது.

முப்பது ஆண்டு கழித்து அதே வழக்கு வேறு உடையில் வந்தது. சோனியின் கையடக்கக் கருவியில் ஓடும் 'மோட்டார்ஸ்டார்ம்' என்ற பந்தய ஆட்டத்தில், வேக ஊக்கியைத் தீராமல் செய்தது டேட்டலின் மென்பொருள். 2024 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஆட்டத்தின் நிரலைத் தொடாமல், ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் மதிப்புகளை மட்டும் மாற்றுவது நிரலுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பை மீறுவதாகாது என்றது. அஞ்சல் பெட்டியில் தாளை மாற்றுவது கட்டடத்தை இடிப்பது ஆகாது என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் ஆட்டத்துக்குக் கள்ளக் கருவி செய்து விற்பது வேறு கதை. தென் கொரியாவில் அதற்குச் சிறைத்தண்டனையே உண்டு.

கூலிம் வாசகி: இப்போதைய ஆட்டங்களில் சீட் கோட் ஏன் இல்லை? இந்தக் காலத்துப் பிள்ளைகள் நேர்மையாகிவிட்டார்களா?

கடிதத்தைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

சீட் கோட்டைச் சட்டம் கொல்லவில்லை என்பதைப் பார்த்துவிட்டோம். முதல் அடி, இயந்திரத்தின் முதுகில் விழுந்தது. நான் கழற்றிய அந்தச் சிறிய மூடி, 1999 வாக்கில் வந்த பிளேஸ்டேஷன்களில் இல்லை. இணைப்பு வாயையே எடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்து வந்த இயந்திரங்கள், செய்தவர் கையொப்பம் இல்லாத எதையும் ஓட்ட மறுத்தன. போதாததற்கு இணையம் வழியாக மாதாமாதம் திருத்தம் வரும். நேற்றைக்குக் கண்டுபிடித்த பெட்டி எண் இன்றைக்கு வேறு வீட்டுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, பதக்கம். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுப் பெட்டி வந்தபோது 'அச்சீவ்மெண்ட்' என்று புள்ளிகள் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2008இல் பிளேஸ்டேஷனில் கோப்பைகள் வந்தன. நான் என் வீட்டில் எப்படி ஆடினேன் என்பது ஊருக்கே தெரியும் பலகையாயிற்று. பலகை வந்துவிட்டால் அழுகுணி ஆட்டத்துக்கு இடம் கொடுக்க முடியாது. அதனால் குறி இருந்த ஆட்டங்களிலும், குறியைப் போட்டால் பதக்கம் கிடையாது என்று கட்டிப்போட்டார்கள்.

ஆனாலும் இவை இரண்டும் மூடிய கதவுகள்தான். கதவை மூடுவதில் வருமானம் இல்லை. வருமானம் வந்தது, சாவிக்கு விலை போட்ட பிறகு. 2006இல் 'ஆப்ளிவியன்' ஆட்டத்தில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றார்கள். உலகமே சிரித்தது. சிரித்த உலகம் வாங்கவும் செய்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு ஜி.டி.ஏ. என்ற ஆட்ட வரிசையைப் பார்த்தால் போதும். 2004இல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' ஆட்டத்தில் ஒரு மந்திரத்தைப் போட்டால் இரண்டரை இலட்சம் டாலர் கையில் வந்து விழும், சும்மா. 2013இல் வந்த ஐந்தாம் ஆட்டத்தில் காரை வரவழைக்க, ஆயுதம் எடுக்க, நிலவில் நடப்பது போல் மிதக்க எல்லாவற்றுக்கும் குறி உண்டு. பணத்துக்கு மட்டும் கிடையாது. அதன் இணையப் பதிப்பில் அந்த விளையாட்டுப் பணத்தை உண்மையான பணத்துக்கு விற்கிறார்கள். அந்த அட்டையின் பெயர் 'ஷார்க் கார்டு'. அன்றைக்குக் கேம் ஷார்க், இன்றைக்கு ஷார்க் கார்டு. அதே சுறாதான், இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி நீந்துகிறது.

ஆகவே, பிள்ளைகள் நேர்மையாகவில்லை அம்மா. முன்பு 50 செனுக்கு என்னிடம் தாள் வாங்கியவர்களின் பிள்ளைகள், இப்போது அதே இரும்பு மனிதனாகும் வசதியை ஆட்டத்துக்குள்ளேயே கடையில் வாங்குகிறார்கள். எனக்குப் போட்டி பெரிய இடம் என்பதால் நான் தொழிலை விட்டுவிட்டேன்.

பணத்தைவிட எனக்கு வருத்தம், நகைச்சுவை போனதில்தான். 1993இல் 'டூம்' ஆட்டத்தில் ஐ, டி, டி, கியூ, டி என்று தட்டினால் சாவே கிடையாது. அதன் இயந்திரத்தை வைத்தே மறு ஆண்டு வேறொரு நிறுவனம் செய்த 'ஹெரெடிக்' ஆட்டத்தில், பழக்க தோஷத்தில் அதே ஐந்து எழுத்தைத் தட்டினால் ஏமாற்றவா பார்க்கிறாய் என்று கேட்டுவிட்டு உங்களையே கொன்றுவிடும். 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ்' இரண்டாம் ஆட்டத்தில், வாளும் வில்லும் ஏந்திய காலத்தில், இதை எப்படி இயக்குவது என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு நவீனக் கார் வந்து நிற்கும், துப்பாக்கியோடு. சைபர் கஃபேயில் மணிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து உட்கார்ந்து, ஆட்டத்தை ஆடாமல் அந்தக் காரையே ஓட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். செய்தவனும் ஆடுகிறவனும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கண்ணடித்துக்கொண்ட காலம் அது. ரசீது கொடுக்கிறவன் கண்ணடிப்பதில்லை.

பட்டர்வொர்த் மாணவன், வயது 15: அண்ணா, கைபேசி ஆட்டம் ஒன்றில் எதிரிகள் ஒளிந்திருக்கும் இடம் தெரியும் செயலியைப் போட்டேன். கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். அதில் அம்மாவின் அட்டையில் வாங்கிய 180 வெள்ளிப் பொருள்கள் இருக்கின்றன. இப்போது, ஆட்டத்துக்குள் காசாகச் செல்லும் வைரத்தை அளவில்லாமல் தரும் இன்னொரு செயலி இருக்கிறது என்று நண்பன் சொல்கிறான். போடலாமா?

போடாதே, தம்பி. வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

ஜார்ஜ்டவுன் அண்ணனுக்கு எழுதியதில் அஞ்சல் பெட்டிக் கதை இருக்கிறது, அதைப் படி. என் காலத்தில் பெட்டிகள் என் வீட்டு இயந்திரத்துக்குள் இருந்தன. உன் வைரத்தின் கணக்கு உன் கைபேசியில் இல்லை. அது நிறுவனத்தின் கணினியில் எங்கேயோ இருக்கிறது. உன் திரையில் தெரிவது அங்கிருந்து வரும் நகல். நகலில் எத்தனை பூஜ்ஜியம் சேர்த்தாலும் கடையில் செல்லாது. அளவில்லா வைரம் தருகிறேன் என்கிறவனுக்கு வேண்டியது உன் கடவுச்சொல், முடிந்தால் அம்மாவின் அட்டை எண்.

முடக்கிய கணக்குக்கு ஒரு முறை மேல்முறையீடு எழுதிப் பார்க்கலாம். ஆனால் அந்தச் செயலியை நீ போட்டது உண்மை, பொய் எழுதாதே. 180 வெள்ளி போனதாகவே வைத்துக்கொள்.

இன்னொன்று. எதிரே ஆடியவர்கள் இயந்திரம் இல்லை, உன்னைப் போன்ற மனிதர்கள். மேலே ஓர் அம்மாவுக்கு, உங்கள் மகன் யாரையும் ஏமாற்றவில்லை என்று எழுதியிருக்கிறேன். உனக்கு அப்படி எழுத முடியாது. அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

சுங்கை பட்டாணி வாசகர், வயது 58: பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை சரியாக வேலை செய்வதில்லை. பேரனோடு ஆட ஆசை. பழைய ஆட்டங்களில் சாகா வரம் கொடுக்கும் குறிகள் இருந்தன. இப்போது வழி உண்டா?

உண்டு ஐயா. புலம்பிக்கொண்டே வந்தவன் இங்கே வாயை மூடிக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஓர் இடத்தில் இந்தக் காலம் என் காலத்தைவிட நன்றாக இருக்கிறது.

2018இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் ஆட்டத்தில் 'உதவி முறை' என்று ஒன்று அமைப்பிலேயே இருக்கிறது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாவே இல்லை என்றும் வைக்கலாம். 2020இல் வந்த 'ஹேடீஸ்' ஆட்டத்தில் 'கடவுள் முறை' இருக்கிறது. அதைத் திறந்தால் படும் அடியில் 20 விழுக்காடு குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 விழுக்காடு குறையும், 80 வரை போகும். விழ விழத் தாங்கும் வலு கூடிக்கொண்டே வரும். அதே ஆண்டு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், கண் தெரியாதவர், காது கேளாதவர், கை முடியாதவர் என்று எல்லோருக்குமாக அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் வைத்தார்கள். அது வன்முறை நிறைந்த ஆட்டம், பேரனுக்கு ஆகாது. உங்களுக்குச் செலஸ்ட்தான் சரி. விசைகளை உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வேகத்தைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள், பேரன் கேட்டால் மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

முன்பு இதே வசதிக்கு வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் தாள் வாங்க வருவார்கள். யாருக்கு என்று கேட்டால், தம்பிக்கு என்பார்கள்.

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நிபோங் திபால்: சீட் கோட், சீட் கோட் என்று எழுதுகிறீரே, தமிழில் சொல் இல்லையா? 'ஏமாற்றுக் குறி' என்று எழுதலாமே?

எழுதலாம் ஐயா, ஆனால் ஏமாற்று என்ற சொல்லைப் பார்த்தால் ஏதோ கூட்டுறவுச் சங்கப் பணத்தோடு ஓடிப்போனது போல இருக்கிறது. கோலி ஆடும்போது விரல் நுனியை முன்னால் தள்ளி வைப்பதற்கு நம் பிள்ளைகள் வைத்திருக்கும் சொல் அழுகுணி. அதில் குற்றம் கொஞ்சம், குறும்பு கொஞ்சம். 'அழுகுணிச் சொல்' என்று எழுதினால் எனக்குப் பிடிக்கும். கடையில் நாங்கள் வெறுமனே 'மந்திரம்' என்றுதான் சொல்வோம். ஒரு பையன் வந்து, "அண்ணா, டாங்கி வரும் மந்திரம் இருக்கிறதா?" என்று கேட்பான். தவுக்கேயே கடைசியில் மந்திரம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு, பாக்கி வைத்தவர்களிடம் கைநீட்டி, "மந்திரம், மந்திரம்" என்பார்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: பழைய 'பிளேஸ்டேஷன் 2' பெட்டியைச் சரிசெய்து மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். சான் ஆண்ட்ரியாஸில் பணம் வரும் குறி மறந்துவிட்டது. எச், இ, எஸ், ஓ, ஒய், ஏ, எம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது, ஆனால் கைப்பிடியில் எழுத்துகளே இல்லையே?

அந்த ஏழு எழுத்து கணினிக்கு. அதைத் தட்டினால் உடல்நலம், கவசம், இரண்டரை இலட்சம் மூன்றும் சேர்ந்து வரும். கைப்பிடிக்கு வேறு வரிசை. குறிப்பேட்டைத் தேடினேன், 2000க்குப் பிறகான பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் ஒரு கைப்பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையும் யோசிக்காமல் மூன்று முறை அழுத்திப் பார்த்து எழுதுகிறேன்: ஆர்1, ஆர்2, எல்1, பெருக்கல் குறி, இடம், கீழ், வலம், மேல், இடம், கீழ், வலம், மேல். ஆட்டம் ஓடும்போதே, நிறுத்தாமல், வேகமாக அழுத்த வேண்டும்.

மகளுக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஆட்டம் பெரியவர்களுக்கானது. அவள் சிறுமி என்றால் பந்தய ஆட்டம் ஏதாவது வாங்கிக்கொடுத்துவிட்டு, இதை அவள் தூங்கிய பிறகு நீங்கள் ஆடுங்கள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் உங்களை அடிக்க வரும் மந்திரம் ஒன்றும் அதில் உண்டு. அதைப் போட்டுவிட்டு மட்டும் ஆட்டத்தைச் சேமித்துவிடாதீர்கள், பிறகு நிறுத்தவே முடியாது. இதைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமானால் என் தம்பியைக் கேளுங்கள்.